ஒன்பதாவது வாசிப்பின் நீளம்

சீலமுத்தூர் மரங்கொத்தி பதிவகத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு ஆரம்பித்த புல்புல்தாரா வாசிப்பு, ஆறு நிமிஷம் பன்னிரண்டு விநாடியில் முடிந்திருக்க வேண்டியது, அரைமணி ஆகியும் முடியாமல், சாப்பாட்டு நேரம் வந்தும் முடியாமல், பள்ளிக்கூடம் விட்டும் முடியாமல், மறுநாள் காலை பால்காரர் வந்து மணியடித்தபோதும் அதே தெம்போடு ஓடிக்கொண்டிருந்தது. அதைத் தொடங்கிவைத்த அங்காளஈஸ்வரிக்கு வயது இருபத்திரண்டு, வேலைக்குச் சேர்ந்து ஐந்தாவது மாதம். எங்கே என்ன தப்பு நடந்தாலும் அது தன்னால்தான் நடந்திருக்கும் என்று முதலில் நினைத்துக்கொள்ளும் சுபாவம் அவளுக்கு. இந்த ஒரு தடவை அது உண்மையாகவும் இருந்தது.

மரங்கொத்தி பதிவகம் என்பது அருள்சாமி தனியொரு ஆளாக நாற்பது வருஷத்துக்கு முன்னால் தொடங்கிய கேசட் கம்பெனி. வாசலில் இருந்த பலகையில் மரங்கொத்தி வெயிலுக்கு அழிந்துபோய்ப் பதிவகம் மட்டும் மிஞ்சியிருந்ததால், வாரத்துக்கு நாலு பேராவது மூலப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் கையுமாகப் படியேறி வந்து, "இங்க நெலத்துக்குப் பதிவு இல்லைங்க, வாத்தியத்துக்குத்தான்" என்று அவர் சொன்னதைக் கேட்டு, "அது எத்தன சென்டு வரும்?" என்று ஒரு தடவை விசாரித்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். அருள்சாமிக்கு இரண்டு சட்டங்கள் இருந்தன. பதிவில் பாட்டு கூடாது, கரண்டில் வாசிக்கிற வாத்தியம் கூடாது. ஏன் என்று கேட்டால், "வார்த்தை இருந்தா யாருக்காவது கோவம் வரும், கரண்டு இருந்தா எப்பவாவது போயிரும்" என்பார். இப்படியாக ஒரு தபால்காரரின் மௌத் ஆர்கன், பாத்திரக் கடைக்காரர் ஒருவரின் ஜலதரங்கம், மலைப்பாதை பஸ் டிரைவர் ஒருவரின் மோர்சிங் என்று முப்பத்தொரு கேசட் போட்டு, முப்பத்தொன்றும் விற்காமல், அவருக்கு எழுபத்தாறு வயதாகிவிட்டது. கடையை மூடுவதற்கு முன்னால் அந்த முப்பத்தொன்றிலிருந்து பதினாலு வாசிப்புகளைப் பொறுக்கி, நாற்பது வருஷத் தொகுப்பாக ஒரு சிடியும் போட்டு நெட்டிலும் ஏற்றிவிட வேண்டும் என்பது அவர் ஆசை. அந்த வேலைக்குத்தான் ஈஸ்வரி.

"தொகுப்பு முடியுற வரைக்கும் ஒனக்கு வேலை. முடிஞ்சதும் ஒனக்கும் இல்ல, எனக்கும் இல்ல" என்று முதல் நாளே சொல்லியிருந்தார்.

ஈஸ்வரியின் வீட்டில் அவளுக்கு முன்னால் யாரும் காலேஜ் வாசலை மிதித்ததில்லை. அவள் அப்பா செல்லப்பாண்டி காய்கறி மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர். மகள் பதிவுத் துறையில் இருக்கிறாள் என்று மார்க்கெட் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். "அப்பா, அது கவர்மெண்டு இல்லப்பா" என்று அவள் மூன்று தடவை திருத்திப் பார்த்தாள். "ஆரம்பத்துல எல்லாரும் அப்பிடித்தேன் சொல்லுவாய்ங்க" என்று அவர் நம்பிக்கையோடு மறுத்துவிட்டார். அவளும் எதற்கும் இருக்கட்டும் என்று முதல் பட்டதாரிச் சான்றிதழ் உட்பட எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் போட்டுத் தினமும் வேலைக்குக் கொண்டுபோய், யாரும் கேட்காததால் தினமும் திருப்பிக் கொண்டுவந்தாள்.

பழைய கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும், "ஒட்டடை அடிச்ச மாதிரி சுத்தமாக்கிரு" என்று அருள்சாமி சொன்னார். வேறு யாராவது என்றால் அதைப் பேச்சுக்குச் சொன்னது என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள். ஈஸ்வரி மூலை முடுக்கெல்லாம் அடித்தாள். டேப்பின் இரைச்சலை எடுத்தாள், தெருவில் போன சைக்கிள் மணியை எடுத்தாள், அடுத்த வீட்டுக் குக்கர் விசிலை எடுத்தாள், மோர்சிங் வாசிப்பில் யாரோ இருமிய இரண்டு இருமலை எடுத்தாள். எடுத்ததை ஒரேயடியாக அழிக்கப் பயந்து, எல்லாவற்றையும் 'குப்பை' என்று பெயர் போட்ட ஒரு ஃபோல்டரில் சேர்த்து வைத்தாள். எட்டு வாசிப்பு ஒரு தொந்தரவும் தராமல் சுத்தமானது.

ஒன்பதாவது, மாசிலாமணி மாஸ்டர் தொண்ணூற்றொன்றில் வாசித்த புல்புல்தாரா. நீளமான பெட்டியில் தந்தி கட்டி, அதன்மேல் டைப்ரைட்டர் மாதிரிப் பொத்தான் வைத்த வாத்தியம் அது. மாசிலாமணியும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் மாஸ்டர்தான் என்பதால், பகல் முழுக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த அதே பத்து விரலை வைத்துக்கொண்டு சாயங்காலத்தில் வாசிப்பார் என்று கேசட் அட்டையில் போட்டிருந்தது. அந்த வாசிப்பின் கடைசியில், ஆறு நிமிஷம் பத்தாவது விநாடியில், 'ச்சு ச்சு ச்சு' என்று ஒரு பல்லிச் சத்தம். அதற்கப்புறம் இரண்டு விநாடியில் வாசிப்பு சட்டென்று நின்றுவிடும். ஈஸ்வரி பல்லியை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று முதலிலிருந்து ஓடவிட்டாள். ஆறு பத்து வந்தது. ஆறு பன்னிரண்டு வந்தது. மாசிலாமணி நிறுத்தவில்லை.

அவள் நிறுத்தினாள், நிற்கவில்லை. ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினாள், நிற்கவில்லை. பிளக்கைப் பிடுங்கியபோது கம்ப்யூட்டர் மட்டும் அணைந்தது. வாசிப்பு அங்கிருந்து இறங்கி அறையின் நடுவுக்குப் போய், முன்னொரு காலத்தில் அந்தப் பெட்டி இருந்திருக்கக்கூடிய இடத்தில், நாற்காலி உயரத்தில் நிலைத்துக்கொண்டது. திரும்பக் கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்த்தால் அணைந்திருந்த நேரத்துக்கும் சேர்த்து ஃபைல் சரியாக நீண்டிருந்தது. சாப்பிட்டுவிட்டு வந்த அருள்சாமி வாசலில் நின்று கேட்டார்.

"யாரு, மாசிலாமணியா?"

"ஆமா சார்."

"எப்ப முடியும்?"

"தெரியல சார்."

"முடிஞ்சதும் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் பாயை விரித்துப் படுத்துக்கொண்டார்.

ஊர் இதை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொல்லவேண்டும். வாசிப்பில் வார்த்தை எதுவும் இல்லாததால் அருள்சாமி சொன்னபடியே யாருக்கும் கோபம் வரவில்லை. மூன்றாம் நாள் மின்வாரியத்திலிருந்து ஒருவர் வந்து, மீட்டரைப் பார்த்து, வாசிப்பைப் பார்த்து, மறுபடியும் மீட்டரைப் பார்த்து, "எங்க கரண்டை எடுக்கல. அப்ப எங்களுக்கு ஆட்சேபணை இல்ல" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். பத்து மணிக்கு மேல் குழாய் கட்டக் கூடாது என்று யாரோ கொடுத்த புகாரின் பேரில் வந்த சப் இன்ஸ்பெக்டர், குழாயைத் தேடி, ஸ்பீக்கரைத் தேடி, ஒன்றும் கிடைக்காமல் நாற்காலி உயரத்தில் கையை வீசிப் பார்த்து, "எதைய்யா பறிமுதல் பண்ணச் சொல்றீங்க?" என்று புகார் கொடுத்தவரையே திட்டிவிட்டு, ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டார். பேரூராட்சி செயல் அலுவலர் இதைப் பதிவேட்டில் எந்தத் தலைப்பில் ஏற்றுவது என்று ஒரு வாரம் யோசித்தார். பொழுதுபோக்கு என்றால் டிக்கெட் வேண்டும், இடையூறு என்றால் வழக்கு வேண்டும். கடைசியில், நிற்காமல் ஓடுகிற வஸ்து என்று அவரிடம் இருந்தது நீர்நிலைகள் பக்கம் மட்டுமே என்பதால், அதில் 'ஊற்று – ஒன்று' என்று எழுதி முத்திரை வைத்தார்.

பத்து நாளில் ஊருக்கு அதன் போக்கு பிடிபட்டுவிட்டது. காலை பதினொரு மணி வாக்கில் வாசிப்பு மேல் ஸ்தாயிக்கு ஏறும், நாலு மணிக்கு மெல்லக் கீழே இறங்கும். கடிகாரம் பார்ப்பதை விட்டுவிட்டு, "மேல ஏறயில வாரேன்", "கீழ எறங்கயில பணத்தக் குடுத்துர்றேன்" என்று ஜனங்கள் பேச ஆரம்பித்தார்கள். பெண் பார்க்கிறவர்கள் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பதிவகத்துக்கு அழைத்துவந்து எதிரெதிரே உட்காரவைத்தார்கள். என்ன பேசுவது என்ற சங்கடம் இல்லாததால் மூன்று சம்பந்தம் சுலபமாக முடிந்தது. பலகையைப் பார்த்துப் பாகப்பிரிவினைப் பத்திரத்தோடு ஏறிவந்த அண்ணன் தம்பி இருவர், வந்ததற்குக் கேட்போமே என்று உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கிப்போய், எழுந்ததும் சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள் என்றாலும், தாளம் முன்னைவிட நிதானமாக இருந்தது என்று எதிரே டீக்கடை வைத்திருக்கும் ரபீக் சொன்னார். மாஸ்டரிடம் டைப்பு படித்து இப்போது பேங்கிலும் தாலுகா ஆபீஸிலும் இருக்கிற பழைய மாணவர்கள் கூட்டமாக வந்தார்கள். உட்கார்ந்த மாத்திரத்தில் அவர்கள் விரல்கள் தொடையில் தானாகத் தட்ட ஆரம்பித்தன. "மாஸ்டர் ஏதோ லெட்டர் அடிக்கிறார்" என்றார் ஒரு ஹெட் கிளார்க். "'வித் ரெஃபரன்ஸ் டு யுவர் லெட்டர்' வரைக்கும் எனக்குத் தெளிவாக் கேக்குது. அதுக்கப்புறம் ஸ்பீடு ஜாஸ்தியாயிருது."

ஈஸ்வரிக்கு மட்டும் நிம்மதி இல்லை. பல்லியை எடுத்ததால்தான் இது என்று இரண்டாம் நாளே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பழைய கேசட்டைப் போட்டால் ஆறு பன்னிரண்டில் ஒழுங்காக நின்றது. சொல்லியிருக்கலாம். ஆனால் பல்லியைத் திரும்ப வைத்தால் வாசிப்பு முடியும், வாசிப்பு முடிந்தால் தொகுப்பு முடியும், தொகுப்பு முடிந்தால் வேலை முடியும். நெட்டில் ஏற்றுகிற கம்பெனிக்கு அனுப்பவேண்டிய படிவத்தில் பதின்மூன்று வாசிப்புக்கும் பெயர், வாசித்தவர், வருஷம், நீளம் எல்லாம் நிரப்பிவிட்டாள். ஒன்பதாவதற்கு மட்டும் நீளம் என்ற கட்டம் காலியாக இருந்தது. பழைய கணக்கை எழுதிவிடு என்று மனசு ஒரு பக்கம் சொன்னாலும், பக்கத்திலேயே அது பன்னிரண்டாவது நாளாக வாசித்துக்கொண்டிருக்கும்போது ஆறு நிமிஷம் என்று எழுத அவளுக்குக் கை வரவில்லை.

வாயால் சொல்லத் தைரியமில்லாமல் எழுதிக் கொடுத்துவிடலாம் என்று தினமும் காலையில் ஒரு தாள் எடுப்பாள். அவளுக்கு எழுதத் தெரிந்த கடிதம் ஒன்றே ஒன்றுதான். அனுப்புநர், பெறுநர், மதிப்பிற்குரிய ஐயா, பொருள்: பல்லியின் ஒலியை நீக்கியது தொடர்பாக. நடந்ததை வரிசையாக எழுதிக்கொண்டு வந்து, 'ஆகவே' என்ற இடத்தில் நின்றுவிடுவாள். அந்த மாதிரிக் கடிதம் என்றால் கடைசியில் எதையாவது கேட்டுக்கொள்ள வேண்டும், லீவோ சான்றிதழோ. இதில் எதைக் கேட்டுக்கொள்வது? ஆகவே என்னை வேலையை விட்டு எடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன் என்றா? மடித்து ஃபைலில் வைத்துவிடுவாள். ஃபைலில் சான்றிதழ்களைவிட 'ஆகவே'யில் நின்ற கடிதங்கள் அதிகமாகிவிட்டன.

மாசிலாமணி மாஸ்டர் ஐந்தாம் நாள் வந்தார். பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளிக் கூடலம்பட்டியில் இருக்கிறவர், விஷயம் கேள்விப்பட்டுக் காலைப் பஸ்ஸில் வந்து இறங்கினார். எழுபத்தொரு வயது, சட்டைப் பையில் இன்னமும் இரண்டு பேனா. உள்ளே வந்து நாற்காலி உயரத்துச் சத்தத்துக்கு எதிரே உட்கார்ந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

"நல்லா வாசிக்கிறீங்க மாஸ்டர்" என்றாள் ஈஸ்வரி, வேறு என்ன சொல்வது என்று தெரியாமல்.

"நான் எங்கம்மா வாசிக்கிறேன்? அவன்ல வாசிக்கிறான்." கொஞ்ச நேரம் கழித்து விரலை உயர்த்தினார். "இப்பப் பாரு. இந்த எடத்துல சறுக்குவான். சுண்டுவிரல் எட்டாது அவனுக்கு."

சறுக்கவில்லை. மாஸ்டரின் முகம் விழுந்துவிட்டது. "பய எங்கயோ போய்ப் படிச்சிட்டு வந்துருக்கான்" என்றார்.

அன்றிலிருந்து தினமும் வந்தார். தான் தப்புப் பண்ணுவதற்காகக் காத்துக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். ரபீக் டீ கொண்டுவந்து, "என்ன மாஸ்டர், இன்னைக்காவது அவுட் ஆவீங்களா?" என்று கேட்பார். "நின்னு ஆடுறான்யா" என்பார் மாஸ்டர், பெருமையா எரிச்சலா என்று யாருக்கும் தெரியாத குரலில். நாள் ஆக ஆக டீயைக் குடிப்பதில்லை, சோற்றைப் பாதியில் வைத்துவிடுகிறாராம் என்று பேச்சு வந்தது. அவர் மனைவி பேச்சியம்மாள் மட்டும் ஒரு நாளும் வந்து எட்டிப் பார்க்கவில்லை.

நாற்பதாம் நாள், ஒரு சனிக்கிழமை, கூட்டம் கொஞ்சம் குறைவாக இருந்த நேரத்தில் மாஸ்டர் அவளைக் கூப்பிட்டார்.

"படிச்ச புள்ள, நீ சொல்லு. அன்னைக்கு இதே ரூம்புல வாசிச்சிக்கிட்டு இருக்கேன். வாசிக்க வாசிக்க, டைப்பு கிளாஸ மூடிட்டு இதுலயே எறங்கிரலாமானு ஒரு நெனப்பு. இன்னொரு பக்கம், நமக்கெல்லாம் இது ஒத்து வருமா, இத்தோட விட்ருவமான்னு ஒரு நெனப்பு. விட்ருவமான்னு நெனச்சேன் பாரு, அந்த நொடி பல்லி சொல்லிருச்சு."

ஈஸ்வரி குப்பை ஃபோல்டர் இருந்த கம்ப்யூட்டரைத் திரும்பிப் பார்த்தாள்.

"பல்லி சொன்னதுக்கப்புறம் மறுபேச்சு ஏது? நிறுத்திட்டேன். மறுநாளே பெட்டியப் பரண்ல போட்டுட்டேன். முப்பத்துமூணு வருஷம் தொடல. வருத்தமும் இல்ல, சொல்லிருச்சுல்ல. ஆனா இப்ப இவன் வாசிக்கிறான். அவனும் நானும் ஒரே ஆளு, ஒரே நாளு, ஒரே பெட்டி, ஒரே செவுரு." குரலைத் தாழ்த்தினார். "எனக்குச் சொன்ன பல்லி அவனுக்கு ஏம்மா சொல்லல?"

அன்று வீட்டுக்குப் போனவள் ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படியில் உட்கார்ந்து எழுதினாள். செல்லப்பாண்டி எட்டிப் பார்த்தார்.

"என்னத்தா எழுதுற?"

"லெட்டருப்பா. ஒரு தப்புப் பண்ணிட்டேன். இதக் குடுத்தா வேலை போயிரும்."

"பதிவுத் துறையில அம்புட்டுச் சீக்கிரம் யாரையும் தூக்க மாட்டாய்ங்க."

"அப்பா!"

அவர் அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். பிறகு, "சரி, அடியில கையெழுத்த மட்டும் நல்லாப் போடு. நம்ம வீட்டுலயிருந்து போற மொத லெட்டரு" என்றார்.

திங்கட்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குப் பதிவகம் நிறைந்திருந்தது. மாஸ்டர் சனிக்கிழமையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்று பேச்சியம்மாளே தூக்குவாளியோடு பஸ் ஏறி வந்திருந்தார். வந்தவர் கூட்டத்தில் உட்காராமல், உள்ளறைக் கதவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். ஈஸ்வரி கடிதத்தை நீட்டினாள். அருள்சாமிக்குக் கண்ணாடி எங்கே வைத்தார் என்று தெரியவில்லை. டீ கிளாஸ் எடுக்க வந்த ரபீக்கிடம், "நீ வாசி" என்று கொடுத்துவிட்டார். ரபீக்குக்கு மெல்ல வாசிக்க வராது. பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டபடி நெஞ்சை நிமிர்த்தி, ஊருக்கே கேட்கும்படி, புல்புல்தாராவின் மேல் வாசித்தார்.

"பொருள்: பல்லியின் ஒலியை நீக்கியது தொடர்பாக. ஐயா, வணக்கம். தாங்கள் ஒட்டடை அடிக்கச் சொன்னதன் பேரில் ஒன்பதாவது வாசிப்பில் ஆறு நிமிடம் பத்தாவது விநாடியில் இருந்த பல்லியை நான் நீக்கிவிட்டேன். அதனால் வாசிப்பு முடியவில்லை. இது எனக்கு இரண்டாம் நாளே தெரியும். முடிந்தால் எனது வேலையும் முடிந்துவிடும் என்பதால் முப்பத்தொன்பது நாட்களாகச் சொல்லாமல் இருந்துவிட்டேன். மாஸ்டருக்குச் சொன்ன பல்லி, இங்கே வாசித்துக்கொண்டிருப்பவருக்கும் சொல்லத்தான் செய்தது. நான்தான் கேட்கவிடவில்லை. ஆகவே, பல்லியை அதன் இடத்தில் திரும்ப வைக்க அனுமதி அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள, செ. அங்காளஈஸ்வரி."

'உண்மையுள்ள' என்ற இடத்தில் ரபீக்குக்கே குரல் இறங்கிவிட்டது.

முதலில் எழுந்தது மாஸ்டர்தான். "அப்ப அவனுக்கும் சொல்லிருக்கு!" என்று கைதட்டினார். "பல்லி பட்சபாதம் பண்ணல! நாந்தான் தப்பா நெனச்சிட்டேன்."

அருள்சாமி ஈஸ்வரியைப் பார்த்தார். கோபமா என்று தெரியவில்லை. "எடுத்தத வையி" என்றார்.

அவள் குப்பையைத் திறந்து, சைக்கிள் மணிக்கும் குக்கர் விசிலுக்கும் நடுவிலிருந்து பல்லியைத் தேடியெடுத்து, எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க ஓடவிட்டாள். ச்சு ச்சு ச்சு.

வாசிப்பு ஒரு கண்சிமிட்டும் நேரம் தயங்கியது. பிறகு அதே தாளத்தில் மூன்று பொத்தானை டக் டக் டக் என்று தட்டிப் பதில் சொல்லிவிட்டு, முன்னைவிட உற்சாகமாக ஓட ஆரம்பித்தது.

"ஒரு தடவ ஏமாந்தவன் மறுதடவ ஏமாற மாட்டான்" என்றார் ஹெட் கிளார்க்.

"பல்லி சொல்லுக்கு மேல இந்த ஊர்ல யாரு சொல்லு இருக்கு?" என்று ரபீக் தலையில் கைவைத்தார். மாஸ்டர் நின்ற இடத்திலேயே நின்றார். எழுந்தபோது இருந்த வெளிச்சம் முகத்தில் இல்லை.

"அது பல்லியே இல்ல" என்று ஒரு குரல் கேட்டது.

பேச்சியம்மாள் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்திருந்தார். அறுபத்தைந்து வயதுப் பெண்மணி, தூக்குவாளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கணவரைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினார்.

"நாந்தான். இந்தக் கதவுக்குப் பின்னாடிதான் ஒக்காந்துருந்தேன். எட்டே முக்கால் பஸ்ஸு, அதான் கடைசி. கைப்புள்ளயப் பக்கத்து வீட்டுல விட்டுட்டு வந்துருந்தேன். இவுக நிறுத்துற மாதிரி இல்ல. கூப்புடலாம்னா, வாயத் தொறந்தா வார்த்த பதிஞ்சுரும், பதியக் கூடாதுன்னு இந்த அண்ணன் மெரட்டி வச்சிருந்தாரு. அதான் நாக்கத் தட்டிக் காமிச்சேன்."

புல்புல்தாரா மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"பஸ்ஸுக்கா?" என்றார் மாஸ்டர்.

"பஸ்ஸுக்கு."

"நான் பல்லின்னுல்ல..."

"மறுநாள் காலையில பெட்டியப் பரண்ல ஏத்துனீக. பல்லி சொல்லிருச்சுன்னீக. எனக்குப் பகீர்னு ஆயிருச்சு. சொல்லணும்னு வாயெடுத்தேன், அன்னைக்கு ஏதோ வெருந்தாளி. அடுத்த நா ஏதோ காய்ச்சலு. பெறகு ஒரு மாசம் ஆயிருச்சு, ஒரு மாசமாச் சொல்லாதத எப்பிடிச் சொல்லுறதுன்னு இருந்துட்டேன்." அவர் ஈஸ்வரியைப் பார்த்தார். "இந்தப் புள்ளையாச்சும் நாப்பது நாளுக்குள்ள சொல்லிருச்சு."

மாஸ்டர் அவரை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தார். அழப்போகிறாரா அடிக்கப்போகிறாரா என்று கூட்டம் பின்வாங்கியது. ரபீக்தான், மனசில் பட்டதை அடக்கத் தெரியாதவர், கேட்டார்:

"அந்தப் பஸ்ஸாவது கெடச்சுதா பேச்சியக்கா?"

"எங்க. நாங்க போறதுக்குள்ள போயிருச்சு. பன்னெண்டு கிலோமீட்டரும் நடந்தே போனோம்."

முதலில் அருள்சாமிக்குத்தான் சிரிப்பு வந்தது. அப்புறம் ஹெட் கிளார்க்குக்கு. அப்புறம் மாஸ்டர், சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார், சிரிப்பு நின்ற பிறகும் தண்ணீர் நிற்கவில்லை. பேச்சியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு, அறையின் நடுவில் அந்த நாற்காலி உயரத்துச் சத்தத்துக்குப் பக்கத்தில் போய், அடுக்களையிலிருந்து கூப்பிடுகிற சாதாரணக் குரலில் சொன்னார்:

"ஏங்க. மெதுவா முடிச்சிட்டே வாங்க. புள்ளைக்கு ஒண்ணுமில்ல, தூங்குறான். நான் இருக்கேன்."

சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்து முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டார். வாசிப்பு அதைக் கேட்டதுபோல மெல்ல வேகம் குறைந்தது. ஓடிக்கொண்டிருந்தவன் வாசலைக் கண்டதும் நடக்க ஆரம்பிப்பதுபோல நடந்தது. ஏறியிருந்த இடங்களிலிருந்தெல்லாம் ஒவ்வொரு படியாக இறங்கி, தொடங்கிய மெட்டைத் தேடிப்பிடித்து, அதை ஒரு தடவை முழுசாகச் சொல்லி, அவசரமே இல்லாமல் அரைமணிக்கும் மேலாக வாசித்து, மூன்று ஐம்பத்துமூன்றுக்கு, கடைசிப் பொத்தானை அழுத்தி, அது அடங்கும்வரை காத்திருந்து, முடித்தது.

நாற்பத்தொரு நாளுக்குப் பிறகு வந்த அமைதியில் ஊரே தடுமாறியது. தெருவில் ஒரு நாய் ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்துக் குரைத்தது. யாருக்கும் எழுந்து போகத் தெரியவில்லை. ரபீக் தட்டில் கிளாஸ்களை அடுக்கிய சத்தத்துக்கு ஹெட் கிளார்க் திடுக்கிட்டார்.

மாஸ்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஈஸ்வரியின் பக்கம் குனிந்தார். "கடைசிக்கு முந்துன எடத்துல சுண்டுவிரல் எட்டல, கவனிச்சியா?" என்றார் ரகசியமாக, பரம திருப்தியோடு. "நாந்தான் அது. சந்தேகமே இல்ல." பிறகு தூக்குவாளியைத் திறந்து, நடு அறையில் உட்கார்ந்து, பேச்சியம்மாள் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். ஐந்து மணி பஸ்ஸுக்கு இருவரும் வெகு முன்னதாகவே போய் நின்றார்கள்.

மறுநாள் காலை செயல் அலுவலர் வந்து, காதைக் கொடுத்துக் கேட்டு உறுதி செய்துகொண்டு, 'ஊற்று வற்றியது' என்று எழுதிக்கொண்டு போனார். ஈஸ்வரி படிவத்தை எடுத்தாள். ஒன்பதாவது வாசிப்பு, புல்புல்தாரா, மாசிலாமணி, நீளம் என்ற கட்டத்தில் 41 நாள் 4 மணி 38 நிமிஷம் என்று எழுதினாள். கட்டத்தில் அடங்காமல் எழுத்து ஓரத்தில் வழிந்தது. அதை அருள்சாமி முன்னால் வைத்துவிட்டு, ஃபைலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "இத நெட்டுல ஏத்துவாய்ங்களா?"

"காலையிலயே போன் பண்ணிக் கேட்டேன் சார். டைப்பிங் மிஸ்டேக்கான்னு கேட்டாங்க. இல்லன்னு சொன்னேன். முடியாதுன்னுட்டாங்க."

"அப்ப பழைய ஆறு நிமிஷத்தையே போட்ருவோமா?"

"அது பஸ்ஸுக்கு நிறுத்துனது சார்."

அருள்சாமி தாடையைச் சொறிந்தார். "அதுவும் சரிதான். முடிச்சதுலயிருந்து நல்ல எடமா ஒரு ஆறு நிமிஷம் வெட்டி எடுத்துக் குடுத்துரு. அதோட தொகுப்பு முடிஞ்சது."

"சரி சார்" என்று திரும்பியவள், நாலடி போய் நின்றாள். "எது நல்ல எடம்னு முழுசாக் கேக்காமச் சொல்ல முடியாதே சார். இருக்குறதிலேயே நல்லதுன்னு அட்டையில போடுவோம். கேக்காமப் போட்டா பொய்யாயிரும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. காது சிவந்துவிட்டது. அருள்சாமி கண்ணாடிக்கு மேலாக அவளை வெகுநேரம் பார்த்தார். முப்பத்தொரு கேசட் விற்காமல் போனதில் அவர் எத்தனையோ சாமர்த்தியசாலிகளைப் பார்த்தவர். இந்த முகத்தில் அப்படி எதுவும் தென்படவில்லை. பயம்தான் இருந்தது.

"எத்தன நாள் ஆகும்?"

"ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் கேட்டா நூத்தி இருபத்து நாலு நாள் சார்." ஒரு நொடி விட்டு, மறைத்ததாக ஆகிவிடக் கூடாதே என்று சேர்த்துக்கொண்டாள்: "ஞாயித்துக்கிழம லீவு விட்டா இன்னும் இருபது நாள் கூடும்."

"விட்ருவோம்" என்றார் அருள்சாமி, "ஞாயித்துக்கிழம லீவு விட்ருவோம்."